சுவருக்குப் பின்னால்தான் முதலில் காசு போடவேணும்

போன மார்கழி மழைக்குள், ஒரு விடியப்புறம், எங்கட குளியலறைச் சுவரில் இருந்து ஒரு ரைல்ஸ் கழன்று விழுந்தது. அப்பம்மா உள்ளே குளித்துக்கொண்டிருந்தா. நல்லகாலம், தலையிலோ தோளிலோ விழவில்லை. வாளியின் விளிம்பில் பட்டுச் சிதறி, ஒரு துண்டு கணுக்காலைக் கீறிவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த அறைக்குள் குளிக்க மாட்டேன் என்றுவிட்டா. "நான் கிணத்தடியில வாத்துக்கொள்ளுறன், என்னை விடுங்கோ" என்றா. அவவுக்கு 78 வயது. எங்கட கிணற்றடியில் மறைப்பும் இல்லை.

அந்தச் சுவரை எதால் மூடுவது என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படத்தைப் பற்றியும் புத்தகத்தைப் பற்றியும் எழுதுகிற இடத்தில் குளியலறைச் சுவரா என்று சிரிக்காதேங்கோ. உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று உடையும். அப்போது "நீ போனில ஒருக்கா தேடிப் பார், எது மலிவு எண்டு" என்று கேட்கப்படப்போகிற ஆள் நீங்கள்தான். என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள். தேடினேன், ஹாட்வெயார் கடை கடையாக ஏறினேன், மேசன் அண்ணையோடு கதைத்தேன். கடைசியில் எனக்கென்று ஒரு கருத்தும் வந்துவிட்டது.

அதை முதலே சொல்லிவிடுகிறேன். குளிக்கிற இடத்துச் சுவரில் எதை ஒட்டுவது என்பது இரண்டாவது கேள்வி. ஒட்டப்போவதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. காசு குறைவென்றால் முன்பக்கத்தில் குறைக்கலாம். பின்பக்கத்தில் குறைக்கக் கூடாது. நாங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்திருந்தோம்.

எங்கட ஊர் காங்கேசன்துறை. 1990 ஆனியில் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பி ஓடியபோது எங்கட குடும்பமும் ஓடியது. பிறகு காணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. முகாம், வாடகை வீடு, சொந்தக்காரர் வீட்டு விறாந்தை என்று 28 வருசம். 2018 இல் காணி விடுபட்டபோது அங்கே வீடு என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பற்றைக்குள் கிணற்றுக்கட்டு மட்டும் தெரிந்தது. கொஞ்சம் திட்டக் காசு, கொஞ்சம் கனடா மாமாவின் காசு, கொஞ்சம் கடன் என்று சேர்த்து வீட்டைக் கட்டினோம். குடிபூரலுக்கு நாள் வைத்தாயிற்று. நாளுக்குள் முடிக்கவேண்டும் என்ற அவதியில் குளியலறைதான் கடைசியாக வந்தது. பூச்சுப் பூசி மூன்றாம் நாள் ரைல்ஸ் பதித்தார்கள். எல்லாரும் வந்து பார்த்து "நல்ல வடிவா இருக்கு" என்றார்கள். வடிவாகத்தான் இருந்தது.

இப்போது உடைந்த பக்கத்தை மேசன் அண்ணை தட்டிப் பார்த்தார். விரலை மடக்கி ஒவ்வொரு ரைல்ஸிலும் தட்டிக்கொண்டு போனார். சிலதில் 'டக் டக்' என்று இறுக்கமான சத்தம். பலதில் வெற்றுப் பானையில் தட்டுவது போல. வெறும் சத்தம் வந்தவற்றைக் கழற்றியபோது பின்னால் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு பொட்டுச் சாந்து. மிச்சம் வெறும் காற்று. அந்த வெற்றிடத்துக்குள் தண்ணீர் போய்த் தேங்கியிருந்தது. பூச்சைச் சுரண்டினால் ஈரமான மாப்போல உதிர்ந்தது. அதற்கு மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"ரைல்ஸில ஒரு பிழையும் இல்லைத் தம்பி. ரைல்ஸ் விழேல்ல, சுவர்தான் விழுந்திருக்கு" என்றார்.

நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறேன். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் என்று முதலாம் வருசத்திலேயே படித்தாயிற்று. மழைத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. அதனால்தான் எங்கட கிணற்றுத் தண்ணீரில் கல்லுத்தன்மை கூட. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படை அதுதான். கடற்கரைப் பக்கமென்றால் அதோடு உவரும் சேரும். இதையெல்லாம் சோதனைத்தாளில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். எங்கட வீட்டுச் சுவருக்குள் இது என்ன செய்யும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. உப்புக் கரைந்த தண்ணீர் பூச்சுக்குள் ஊறும், வெயிலுக்குக் காயும், காயும்போது உப்பு பளிங்காகிப் பருக்கும், பருத்து பூச்சைத் தள்ளும். ஒவ்வொரு நாளும் குளிக்க, ஒவ்வொரு நாளும் காய, இது நடந்துகொண்டேயிருக்கும். கொழும்பில் ஒரு குளியலறை தாங்குகிற பிழையைக் காங்கேசன்துறையில் ஒரு குளியலறை தாங்காது.

இதில் எனக்கு ஒரு பகிடியும் தெரிகிறது, துக்கமும் தெரிகிறது. இலங்கைக்கே சீமெந்து கொடுத்த ஊர் இது. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950 இல், இங்கே சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது. எங்கட காலுக்குக் கீழே இருந்த அதே சுண்ணாம்புக்கல்லைத்தான் தோண்டி எரித்து அரைத்தார்கள். அப்பப்பா அங்கே வேலை செய்தவர். 1990 இல் சண்டையோடு தொழிற்சாலை நின்றது, பிறகு இயங்கவே இல்லை. இன்றைக்கு அதே ஊரில் வெளியூர்ச் சீமெந்தைப் பையாக வாங்கி, அதையும் மிச்சம் பிடித்துப் பொட்டுப் பொட்டாக வைத்து ரைல்ஸ் ஒட்டுகிறோம்.

சரி, சண்டைக்கு வருவோம். எங்களிடம் இருந்தது 75,000 ரூபாய். அதற்கு வீட்டில் நாலு யோசனை வந்தது.

முதலாவது, கனடா மாமாவுடையது. வீடியோ கோலில் அவர் சொன்னார்: "உடைஞ்சதை ஒட்டாதேங்கோ. முழுக்கக் கழட்டிப்போட்டு, நிலத்தில இருந்து சீலிங் மட்டும் பெரிய ரைல்ஸா அடியுங்கோ. மிச்சக் காசை நான் பாக்கிறன்." இரண்டாவது, பக்கத்து வீட்டு அண்ணாவுடையது. அவர் தன் கடையின் சீலிங்குக்கு பிவிசி பனல் அடித்தவர். "உதையே சுவருக்கும் அடிக்கலாம். ஒரு நாள் வேலை. பழசைக் கழட்டவும் தேவையில்லை" என்றார். மூன்றாவது, தங்கச்சியுடையது. ஒன்லைனில் ஓடர் பண்ணினால் வீட்டுக்கு வருகிற, பின்பக்கம் உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர். படத்தில் இத்தாலி மாபிள் மாதிரி இருக்கும். நாலாவது, அப்பாவுடையது. "ஒரு கோதாரியும் வேண்டாம். திரும்பப் பூசி பெயின்ரை அடிப்பம். முந்தி எங்களுக்கு ரைல்ஸ் இருந்ததே?"

நாலையும் நான் நியாயமாகப் பார்க்க முயற்சி செய்தேன்.

ஸ்டிக்கர்தான் எல்லாவற்றிலும் மலிவு. சமையலறையில் கழுவு தொட்டிக்கு மேலே ஒட்டினால் கொஞ்சக் காலம் நிற்கும். நேரடியாகத் தண்ணீர் அடிக்கிற இடத்தில் விளிம்பால் தண்ணீர் உள்ளே போகும், பசை விடும், பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரச் சுவரில் அது முதல் நாளே சரியாக ஒட்டாது. மூன்று மாதத்துக்கு ஒருக்கா வாங்குகிற மலிவுச் சாமான் மலிவுச் சாமானா? தங்கச்சி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

பிவிசி பனல் அவ்வளவு மோசமில்லை. அது தண்ணீரைக் குடிக்காது, உக்காது, கறையான் தின்னாது. சுவர் காய்ந்திருந்து, சமமாக இருந்து, மூட்டுகளையும் மூலைகளையும் சிலிக்கனால் அடைத்தால் ஷவருக்குக் கூட நல்ல தெரிவுதான். எங்களுக்குப் பிரச்சினை, அண்ணா சொன்ன அந்தக் கடைசி வசனம். "பழசைக் கழட்டவும் தேவையில்லை." ஈரச் சுவருக்கு மேலே பனலை அடித்தால் ஈரம் போய்விடாது. எங்கட கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். காயத்தைக் கழுவாமல் துணி சுற்றின மாதிரி.

அப்பாவின் யோசனையை எல்லாரும் பகிடி பண்ணினார்கள். ஆனால் அதற்குள் பாதி உண்மை இருந்தது. நல்ல மண்ணும் நல்ல சீமெந்தும் போட்டு, நன்றாக மினுக்கி, ஒரு கிழமையாவது தண்ணீர் தெளித்து இறுகவிட்ட பூச்சு நீண்ட காலம் நிற்கும். எங்கட பழைய வீடுகளில் தண்ணீர்த் தொட்டியே அப்படித்தானே கட்டினார்கள்? சாதாரணப் பெயின்ரைத்தான் ஷவர் மூலையில் நம்ப ஏலாது. பின்னால் ஈரம் இருந்தால் கொப்பளித்து உரியும். நேரடியாகத் தண்ணீர் அடிக்காத சுவர்களுக்கு அப்பாவின் வழி போதும்.

மாமாவின் யோசனைக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் காசு தரப்போகிறவர், அவருக்கு 'வேண்டாம்' சொல்லுவது லேசில்லை. அதோடு எங்கட ஊரில் எல்லாரும் விரும்புவதும் அதைத்தான். முதலில் ஒரு கணக்குப் பார்த்தேன். எங்கட குளியலறை 5 அடிக்கு 7 அடி. சுற்றளவு 24 அடி. உயரம் 8 அடி. மொத்தச் சுவர் 192 சதுர அடி. கதவுக்கு ஒரு 16 ஐக் கழித்தால் 176. வெட்டிக் கழிவதற்கு நூற்றுக்குப் பத்துச் சேர்த்தால் ஏறக்குறைய 194 சதுர அடி ரைல்ஸ் வேண்டும்.

இதில் உண்மையாகத் தண்ணீர் அடிக்கிற இடம் எவ்வளவு? ஷவருக்குக் கீழே மூலையின் இரண்டு பக்கமும் 3 அடி அகலம், ஆறரை அடி உயரம். அது 39 சதுர அடி. மற்றச் சுவர்களின் அடியில் ஒரு அடி உயரத்துக்கு ஒரு வரிசை. அது ஏறக்குறைய பதினைந்தரை. இரண்டும் சேர்த்து, கழிவோடு, 60 சதுர அடி. முழுக்க அடிப்பதில் மூன்றில் ஒன்றும் இல்லை.

அளவு சிறிதாக இருந்தால் இன்னொரு வசதியும் இருக்கிறது. 194 சதுர அடிக்கு ஒரே ரைல்ஸ் வேண்டுமென்றால் கடைக்காரர் காட்டுகிற புதுச் சாமானைத்தான் வாங்கவேண்டும். 60 சதுர அடி என்றால் கடையின் பின்பக்கம் கிடக்கிற மிச்சப் பெட்டிகள் போதும். யாரோ பெரிய வீட்டுக்காரர் எடுத்து மிஞ்சியது, நிறம் போய்விட்டது என்று ஒதுக்கிவைத்தது, நாலைந்து பெட்டியாக அங்கே இருக்கும். பெட்டியின் பக்கத்தில் அடித்திருக்கிற தொகுதி இலக்கம் எல்லாப் பெட்டியிலும் ஒன்றா என்று மட்டும் பார்த்து எடுங்கோ. இலக்கம் மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும். நாங்கள் அப்படித்தான் எடுத்தோம், ஐந்து ரைல்ஸ் மேலதிகமாக எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறோம்.

ரைல்ஸ் விலையைப் பற்றி எங்கட தலைமுறைக்கு ஒரு ஞாபகம் இருக்கும். 2020 இல் டொலர் தட்டுப்பாடென்று ரைல்ஸ் இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாய் வரைக்கும் போனது. அரைகுறையில் நின்ற வீடுகள் எங்கட ஒழுங்கையில் மட்டும் எத்தனை. அந்த இரண்டு வருசத்தில் சனம் ரைல்ஸை நகை மாதிரிப் பார்க்கப் பழகிவிட்டது. விலை கூடின சாமான் என்றால் அது பெலமானதாகவும் இருக்கவேண்டும் என்று நாங்கள் நம்புகிறோம்.

ரைல்ஸ் பெலமானதுதான். ஆனால் அது தண்ணீரை மறிக்கிற சாமான் இல்லை. சுவருக்கென்று விற்கிற சாதாரண செரமிக் ரைல்ஸைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கோ, உடனே குடித்துவிடும். அதன் எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தண்ணீர் இழுக்கக்கூடிய களி அது. முன்னால் இருக்கிற கண்ணாடிப் பூச்சுத்தான் மினுங்குகிறது. போர்சிலின் ரைல்ஸ் அரை வீதத்துக்கு மேல் இழுக்காது, விலையும் கூட. ஆனால் எதை ஒட்டினாலும் இரண்டு ரைல்ஸுக்கு இடையில் பூசுகிற கிரவுட் சீமெந்துச் சாமான். அதற்குள்ளால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதனால்தான் ரைல்ஸுக்குப் பின்னால் வோட்டர் புறூவ் பூச்சு வேண்டும் என்கிறார்கள். தண்ணீரை மறிப்பது அந்தப் பூச்சு. ரைல்ஸ் அந்தப் பூச்சைக் காக்கிற உடுப்பு மட்டும்தான்.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 28 வருசம் சொந்தச் சுவர் இல்லாமல் இருந்த குடும்பம் இது. நிலத்தில் இருந்து சீலிங் மட்டும் ரைல்ஸ் என்பது அவருக்கு வெறும் வடிவு இல்லை. "நாங்கள் திரும்பி வந்திட்டம், இனிப் போக மாட்டம்" என்று எழுதி ஒட்டின மாதிரி. அவர் அங்கே இரண்டு வேலை செய்து அனுப்புகிற காசு இங்கே கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று நினைப்பதும் பிழையில்லை. வோட்டர் புறூவ் பூச்சை யாருக்குப் படம் எடுத்து அனுப்புவது? ரைல்ஸை அனுப்பலாம். எங்கட ஊரில் காசு எப்போதும் தெரிகிற இடத்துக்குத்தான் முதலில் போகிறது. மதில், கேற், முன் விறாந்தை, குளியலறைச் சுவர். மலசலகூடக் குழி, தண்ணீர் போகிற வாட்டம், சுவருக்குள் போகிற பைப் எல்லாம் கடைசி. உடையும்போது முதலில் உடைவது அவைதான்.

இவ்வளவு சண்டைக்குள்ளும் நாங்கள் ஒருவரும் அப்பம்மாவிடம் கேட்கவில்லை. அந்த அறையில் கூடுதல் நேரம் நிற்கிறவ அவ. விழுந்ததும் அவவின் காலடியில். ஒருநாள் பின்னேரம் கிணற்றடியில் இருந்தபோது கேட்டேன்: "உங்களுக்கு என்னப்பம்மா வேணும், ரைல்ஸா பனலா?"

"எனக்கு என்னத்தை ஒட்டினால் என்ன மோனை. வெளியால ஆக்களுக்குத் தெரியக்கூடாது. வழுக்கக்கூடாது. எழும்பேக்க பிடிக்க ஒண்டு இருக்கோணும்."

பிறகு முகாமைப் பற்றிச் சொன்னா. மல்லாகத்தில் இருந்த காலம். ஒரு கிணற்றுக்கு எத்தனையோ குடும்பம். பெண்கள் குளிக்க நாலு தடி நட்டுத் தறப்பாள் கட்டியிருந்தார்களாம். காற்றடித்தால் தறப்பாள் ஒரு பக்கம் எழும்பும். அதனால் அவ வருசக்கணக்காக விடிய நாலு மணிக்கு முதல், இருட்டோடு, உடுத்த உடுப்போடயே குளித்துவிட்டு வந்துவிடுவாவாம். அதுக்கு முதல், ஊரில் இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் கீரிமலைக்குப் போவார்களாம். அங்கே ஆண்களின் கேணி கடலைப் பார்த்துத் திறந்தபடி கிடக்கும். பெண்களின் கேணியைச் சுற்றிச் சுவர் இருக்கும். "அந்தச் சுவருக்குள்ளதான் நான் நிம்மதியாக் குளிச்சது" என்றா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. குளிக்கிற இடத்துச் சுவருக்கு இரண்டு வேலை இருக்கிறது. தண்ணீர் வெளியே போகாமல் மறிப்பது, கண் உள்ளே வராமல் மறிப்பது. எங்கட சண்டை முழுக்க மூன்றாவது ஒன்றைப் பற்றி இருந்தது. வாறவை போறவைக்குக் காட்டுவது. அந்த மூன்றாவதுக்குத்தான் காசில் பெரும் பங்கு போக இருந்தது.

அவ சொன்னதில் இன்னொன்றும் தெரிந்தது. அவ ஷவரில் குளிப்பதே இல்லை. ஸ்ரூலில் இருந்து வாளியில் அள்ளி வார்ப்பா. அப்படிக் குளித்தால் தண்ணீர் உயரத்தில் அடிக்காது, கீழே அகலத்துக்குத் தெறிக்கும். மற்றச் சுவர்களின் அடியில் ஒரு அடி வரிசை வேண்டும் என்று மேலே போட்ட கணக்கு அப்படித்தான் வந்தது. யார், எப்படிக் குளிக்கிறார்கள் என்று கேட்காமல் ரைல்ஸ் கணக்குப் போடவே ஏலாது.

கடைசியில் நாங்கள் செய்ததை ஒழுங்காகச் சொல்லுகிறேன். ஆருக்காவது உதவும்.

முதலில் ஈரம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தோம். இரவு எல்லாப் பைப்பையும் பூட்டி, மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்தோம். விடியப் பார்த்தால் மட்டம் இறங்கவில்லை. அப்படியென்றால் சுவருக்குள் போகிற பைப் ஒழுகவில்லை. இறங்கியிருந்தால் முதல் செலவு பைப்புக்குத்தான். பிறகு பழுதான பூச்சை, இறுகின இடம் வரும்வரை கழற்றினோம். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். கழுவினால் அது கரைந்து திரும்பச் சுவருக்குள்தான் போகும். சுவரைக் காயவிட்டோம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒருநாள் விட்டோம். உள்பக்கத்தில் வேர்த்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. எங்களுக்கு இரண்டு தரம் வேர்த்தது. மூன்றாம் தரம்தான் விட்டது. இதற்குள் தை பிறந்துவிட்டது.

உவரில்லாத மண்ணில் புதுப் பூச்சு. ஒரு கிழமை தண்ணீர் தெளிப்பு, பிறகு காய விட்டது. அதற்கு மேல் வோட்டர் புறூவ் பூச்சு இரண்டு தரம், முதலாவதை நெடுக்காகவும் அது காய்ந்த பிறகு இரண்டாவதைக் குறுக்காகவும். நிலத்தில் இருந்து சுவருக்கு ஏறுகிற மூலையில் கவனம் கூட. பிறகுதான் ரைல்ஸ். பொட்டு வைக்காமல், ஒட்டுகிற பசைச் சீமெந்தைப் பல்லுக் கரண்டியால் முழுக்க இழுத்துப் பதித்தார் மேசன் அண்ணை. மூலைகளில் கிரவுட் போடவில்லை, சிலிக்கன் அடித்தோம். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் சிலிக்கன் இழுபடும், கிரவுட் வெடிக்கும். நிறம் வெள்ளைக்குக் கிட்ட ஒரு சாம்பல். கறுப்பு ரைல்ஸ் கடையில் வடிவு. எங்கட தண்ணீருக்கு ஒரு மாதத்தில் வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும். பிறகு அதைப் போக்க அசிட் ஊற்றுவோம், அசிட் கிரவுட்டைத் தின்னும்.

மிச்சச் சுவர்களுக்கு அப்பா சொன்ன மாதிரிப் பூச்சும் பெயின்ரும். மாமாவிடம் மேலதிகக் காசு கேட்கவில்லை. எங்கட 75,000 இல் பாதிக்கு மேல் இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மிஞ்சியதில் ஒரு இரும்புப் பிடி வாங்கி அப்பம்மாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில், சுவர்க் கல்லுக்குள் ஆணி இறங்க அடித்தோம். யன்னலுக்குக் கீழ்ப்பாதி ஊடுதெரியாத கண்ணாடி. மேல்பாதியைக் காற்றுக்குத் திறந்துவிட்டோம். காற்று வராவிட்டால் எந்தச் சுவரும் காயாது.

"காசு இருக்கிறவன் முழுக்க அடிச்சால் உனக்கென்ன?" என்று ஒரு நண்பன் கேட்டான். ஒன்றுமில்லை, அடிக்கட்டும். பின்னால் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு அடித்தால் நல்லதுதான். நான் கதைப்பது, காசு ஒரு அளவுக்குத்தான் இருக்கிற வீடுகளைப் பற்றி. அந்த வீடுகளில் முன்னாலும் பின்னாலும் ஒரே காசுக்குச் சண்டை பிடிக்கும். அப்போது பின்பக்கத்துக்காகக் கதைக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருங்கோ.

திருநெல்வேலியில் போடிங்கில் இருந்து கம்பஸ் வருகிற ஆக்களுக்கு, சுவர் உங்களுடையது இல்லை, உடைத்துத் திருத்தவும் ஏலாது. ஆனால் யன்னலைத் திறந்து வைக்கலாம். மூலையில் வெடித்திருக்கிற இடத்தைக் காயவைத்து ஒரு குழாய் சிலிக்கன் அடிக்கலாம். ரைல்ஸ் வெறும் சத்தம் போட்டால் வீட்டுக்காரரிடம் விழுவதற்கு முதல் சொல்லலாம்.

இன்றைக்கு இரவு குளிக்கப் போகும்போது ஒரு ஐந்து ரூபாய்க் குத்தியைக் கொண்டு போங்கோ. ஷவருக்குக் கீழே இருக்கிற ரைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கோ. நாங்கள் அதைச் செய்ய ஆறு வருசம் எடுத்தோம். அப்பம்மா இப்போது திரும்ப உள்ளேதான் குளிக்கிறா. முதல் நாள் குளித்துவிட்டு வந்தவவிடம் "எப்பிடி?" என்று கேட்டேன். பிடி நல்லாயிருக்கு என்றா. ரைல்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.